கணவாய்க் குஞ்சு எத்தனை பிழைக்கும்? உணவு வலை மாதிரியில் கணக்கிடும் முறை

கடல் உணவு வலைக்கான கணினி மாதிரிகள் ஆண்டுக் கணக்கில் பேசுபவை. ஊசிக்கணவாயோ பெரும்பாலும் ஓராண்டைத் தாண்டுவதில்லை. இளங்கணவாயை மாதிரிக்குள் கொண்டுவரும்போது வரும் தொல்லைகளில் முக்கால்வாசி இந்த ஒரு முரணிலிருந்து கிளம்புகிறவைதான். அதை எந்தெந்த இடத்தில் எப்படிச் சமாளிப்பது என்பதையே இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம்.

எடுத்துக்காட்டாக கலிபோர்னியாவின் சந்தைக் கணவாயை எடுத்துக்கொள்வோம். அறிவியல் பெயர் டோரிட்யூத்திஸ் ஓபலெசென்ஸ். மணல் தரையில், பெரும்பாலும் 20 முதல் 70 மீட்டர் ஆழத்தில், முட்டைக் கூடுகளைக் கொத்துக் கொத்தாக நட்டுவிட்டுச் செத்துப்போகும். முட்டை பொரிய மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும். நீர் சூடாக இருந்தால் சீக்கிரம் பொரியும். பொரிந்த குஞ்சின் உடல் நீளம் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர். எல் நினோ ஆண்டுகளில் இதன் பிடிப்பு பாதாளத்துக்குப் போய், பிறகு சட்டென்று மீளும். குஞ்சுப் பருவத்தின் பிழைப்பை ஆராய இதைவிடத் தோதான உயிர் கிடைப்பது அரிது.

மென்பொருள் ஈக்கோபாத், அதோடு சேர்ந்த ஈக்கோசிம். யார் யாரை ஆண்டில் எவ்வளவு தின்கிறார்கள் என்ற வரவு செலவைச் சமன்செய்வது முதலாவது; அந்தக் கணக்கைக் காலத்தில் முன்னோக்கி ஓட்டிக்காட்டுவது இரண்டாவது. 1984இல் ஹவாய்த் தீவுகளின் பவளத்திட்டு ஒன்றுக்காக ஜெஃப்ரி பொலோவினா உருவாக்கிய கணக்கு முறையிலிருந்து வளர்ந்தது இது. விலையில்லாமல் கிடைக்கிறது, விண்டோஸில் ஓடும். ஆர் மொழியில் வேலை செய்பவர்களுக்கு ஆர்பாத் என்ற தொகுப்பு இருக்கிறது. கணக்கு இரண்டிலும் ஒன்றே. அலகு எல்லா இடத்திலும் ஈர எடையில் சதுர கிலோமீட்டருக்கு டன், காலம் ஆண்டு. இந்த அலகை முதலிலேயே தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள். உலர் எடையும் ஈர எடையும் கலந்துபோன அட்டவணையைப் பிறகு பிரித்தெடுப்பது நரக வேலை.

முதல் படி: வாழ்நாளை வெட்டி, இறப்பைப் பங்கிடுதல்

கணவாயை ஒரே குழுவாகப் போட்டால் குஞ்சின் பிழைப்பு என்ற கேள்வியே மாதிரியில் இருக்காது. அதனால் ஸ்டான்ஸா என்ற பருவப் பிரிப்பு வசதியைப் பயன்படுத்த வேண்டும். 0 முதல் 2 மாதம் வரை குஞ்சு, 2 முதல் 5 வரை இளங்கணவாய், 5 முதல் 8 வரை முதிர்ந்த கணவாய் என்று வெட்டுவோம். முட்டையைத் தனிப் பருவமாகப் போட வேண்டாம். ஸ்டான்ஸாவில் உள்ள எல்லாப் பருவமும் இரை தின்றாக வேண்டும், முட்டை தின்னாது.

அடுத்து ஒவ்வொரு பருவத்துக்கும் மொத்த இறப்பு வீதம், அதாவது மென்பொருள் ஸெட் என்று கேட்பது. இதை ஊகித்துப் போடாமல் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். ஒரு பெண் கணவாயின் முட்டைகளில் 3,000 பொரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் பெருகாமலும் சுருங்காமலும் இருக்க, அதில் சராசரியாக 2 மட்டும் மிஞ்சி முட்டையிட வேண்டும். 1,500இல் ஒன்று. 1,500இன் இயல் மடக்கை 7.31. எட்டு மாதத்தில் பங்கிட வேண்டிய மொத்த இறப்பு இவ்வளவுதான். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

குஞ்சுக்கு நாளொன்றுக்கு 0.06 என்று கொடுத்தால் 60 நாளில் 3.6 போய்விடும். இளங்கணவாய்க்கு நாளொன்றுக்கு 0.025 வீதம் 90 நாளில் 2.25. மீதி 1.46 முதிர்ந்த பருவத்தின் 90 நாளுக்கு. தலையை எண்ணிப் பாருங்கள்: 3,000 குஞ்சு, இரண்டாம் மாத முடிவில் 82, ஐந்தாம் மாதத்தில் சுமார் 8.6, எட்டாம் மாதத்தில் 2. கணக்கு மூடுகிறது. இவற்றை ஆண்டு வீதமாக்கினால் முறையே 21.9, 9.1, 5.9. மென்பொருளில் இடவேண்டியவை இவையே.

21.9 என்ற எண்ணைப் பார்த்ததும் பலருக்குக் கை நடுங்கும். ஏதோ தவறு என்று நினைத்து 5க்கோ 6க்கோ குறைத்துவிடுவார்கள். அது வேகம், தூரம் அல்ல. மணிக்கு நூறு கிலோமீட்டரில் பத்து நிமிடம் போனவர் நூறு கிலோமீட்டர் போனதாகிவிடாது. குஞ்சு அந்த வேகத்தில் இரண்டே மாதம்தான் சாகிறது.

இந்தக் கணக்கிலேயே குஞ்சுப் பருவத்தின் கனம் தெரிந்துவிடும். நாளொன்றுக்கு 0.06 என்பது 0.07 ஆனால், இளங்கணவாயாக மாறுபவை 45 சதவீதம் குறையும். 0.08 ஆனால் 70 சதவீதம். இரை குறைந்து வளர்ச்சி மந்தமாகி, அதே 0.06இல் கூடுதலாக 15 நாள் குஞ்சாகவே கிடந்தாலும் ஏறக்குறைய 60 சதவீத இழப்பு. இவ்வளவு மெல்லிய வேறுபாட்டை எந்த வலைவீச்சாலும் நேரடியாக அளக்க முடியாது. மாதிரி தேவைப்படுவதே அதனால்தான்.

வளர்ச்சி வளைகோடு செய்யும் குளறுபடி

ஸ்டான்ஸா, உடல் எடையை ஃபான் பெர்டலான்ஃபி வளைகோட்டில் கணக்கிடும். மீனுக்குப் பொருந்தும் கோடு அது: வளர்ந்து, மெல்லத் தட்டையாகி, ஒரு உச்ச எடையை நெருங்கும். கணவாய் தட்டையாகாது. முதலில் மடங்கு மடங்காகவும், பிறகும் நிற்காமலும் வளர்ந்து, முட்டையிட்டு முடித்துவிடும்.

நூலில் கிடைக்கும் உயர்ந்த வளர்ச்சிக் கெழு, எடுத்துக்காட்டாக ஆண்டுக்கு 3, என்பதை அப்படியே போட்டுப் பாருங்கள். எட்டு மாதத்தில் 50 கிராம் இருக்கும் கணவாய், இந்தக் கோட்டின்படி இரண்டாம் மாதத்திலேயே 4.7 கிராம் இருக்கும். கடலில் அந்த வயதுக் குஞ்சு ஒரு கிராமைக்கூட எட்டியிருக்காது. எடை கூடினால் குஞ்சுக் குழுவின் மொத்த எடை ஊதிப்போகும். அவை தின்னும் கோப்பிபாட் என்ற நுண்ணிய விலங்கு மிதவையின் கணக்கும் ஊதும். கடைசியில் விலங்கு மிதவைகள் பற்றாமல் மாதிரி சமநிலைக்கு வராது. ஆள் மூன்று வாரம் கோப்பிபாட்டின் எண்களைத் திருத்திக்கொண்டிருப்பார். கோளாறு அங்கே இல்லை.

தீர்வு கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும்: கெழுவை வேண்டுமென்றே குறையுங்கள். 0.5 என்று வைத்தால் இரண்டாம் மாத எடை 1.1 கிராமுக்கு இறங்கும். எவ்வளவு குறைத்தாலும் கோடு வயதின் மும்மடிக்குக் கீழே போகாது, ஆகவே 50 கிராமின் 64இல் ஒரு பங்கு, 0.78 கிராம், என்பதே கடைசித் தரை. 0.5க்கு உச்ச எடை சுமார் 2,195 கிராம் என்று வரும். அப்படி ஒரு சந்தைக் கணவாய் உலகில் இல்லை. பரவாயில்லை, நமக்கு வேண்டியது 0 முதல் 8 மாதம் வரையிலான துண்டு மட்டுமே. ஆனால் முதிர்ச்சி எடைக்கும் உச்ச எடைக்குமான விகிதத்தை மறக்காமல் மாற்ற வேண்டும். ஆறு மாதத்தில் முதிர்கிறது என்றால் அது 0.0108. மீன்களுக்கான 0.3ஐ அப்படியே விட்டால், கணவாய் வாழ்நாளுக்குள் முதிரவே முதிராது, முட்டையும் இடாது.

செத்துப்போகக் கற்றுக்கொடுத்தல்

முட்டையிட்டதும் சாக வேண்டும் என்று ஸ்டான்ஸாவுக்குத் தெரியாது. கடைசிப் பருவம் முடிவின்றி ஓடும். மேலுள்ள எண்களோடு விட்டால் எட்டாம் மாதத்தில் இருந்தவற்றில் 14 சதவீதம் பன்னிரண்டாம் மாதத்திலும் மிஞ்சி, ஒவ்வொன்றும் 134 கிராம் எடையில் நீந்திக்கொண்டிருக்கும். ஈக்கோசிம் முட்டை உற்பத்தியை, எடையிலிருந்து முதிர்ச்சி எடையைக் கழித்துக் கணக்கிடுகிறது. எட்டு மாதத்துக்கு அது 26. பன்னிரண்டு மாதக் கிழத்துக்கு 110. ஆக, இல்லாத கிழக்கணவாய்கள் முட்டையில் பெரும்பங்கைப் போட்டு, ஒரு மோசமான ஆண்டின் பாதிப்பை அழகாக மூடி மறைத்துவிடும். எல் நினோவில் சரிய வேண்டிய கோடு சரியவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

எட்டாம் மாதத்தில் தொடங்கும் நான்காவது பருவம் ஒன்றைச் சேர்த்து, அதற்கு ஆண்டு இறப்பு 36 கொடுங்கள். மாதத்துக்கு 3, ஒரு மாதத்தில் 5 சதவீதமே மிஞ்சும். இந்தப் பருவத்தை யாரும் பெரிதாகத் தின்ன வேண்டியதில்லை. செத்தவை மட்குக் குழுவுக்குப் போகட்டும். முட்டைத் தரைகளில் கிடக்கும் பிணக்குவியல் கடலிலும் அதைத்தான் செய்கிறது.

மொத்த எடையும் உணவு விகிதமும் (ஆண்டில் தன் எடையைப்போல் எத்தனை மடங்கு தின்கிறது என்பது) முதிர்ந்த பருவத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும். மற்றவற்றை மென்பொருள் கணக்கிடும். முதிர்ந்ததற்கு ஆண்டு உணவு விகிதம் 20 என்றால் குஞ்சுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு வரும். உற்பத்தியை உணவால் வகுத்தால் 0.2 முதல் 0.35க்குள் இருக்க வேண்டும். 0.4ஐத் தாண்டினால் உணவு விகிதத்தை உயர்த்துங்கள்.

மீன்பிடியைச் சேர்க்கும்போது ஒரு எச்சரிக்கை. பிடிப்பு ஆண்டு முழுவதற்குமான கூட்டுத்தொகை. ஒலிமானி ஆய்வு தரும் எடையோ ஒரு நாளின் இருப்பு. சதுர கிலோமீட்டருக்கு ஆண்டில் 1 டன் பிடிக்கிறார்கள், இருப்பு 0.1 டன் என்று போட்டால் மீன்பிடி இறப்பே 10 ஆகி, மொத்த இறப்பு 5.9ஐத் தாண்டிவிடும். இருப்பு 0.5 டன் என்றால் அது 2. எட்டு மாதத்தில் முடிந்துபோகும் உயிருக்கு ஒரு நாள் இருப்பு, ஆண்டில் கடந்துபோன கூட்டத்தின் ஒரு சிறு துண்டுதான்.

குஞ்சை யார் தின்கிறார்கள்?

உணவு அட்டவணையில் குஞ்சு தின்பதை நிரப்புவது எளிது. கோப்பிபாட், அவற்றின் இளம்பருவம், இறால் போன்ற சிற்றுயிர்களான கிரில்லின் இளம்பருவம், மைசிட் என்று போகும். இளங்கணவாய்க்கு கிரில் கூடும், முதிர்ந்ததற்கு மீனும் சின்னக் கணவாயும் கூடும். தன்னினத்தைத் தின்னும் பங்கு பருவம் பிரித்திருப்பதால் தொல்லை தராது. ஒரே பருவத்துக்குள் மட்டும் 5 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கஷ்டம் மறுபக்கத்தில். சால்மன், ஹேக், கடற்சிங்கம், கடற்பறவை ஆகியவற்றின் வயிற்றில் பெரிய கணவாயின் கடினமான வாயலகு கிடைக்கும், எண்ணலாம். மூன்று மில்லிமீட்டர் குஞ்சு நெத்திலி வயிற்றில் சில மணி நேரத்தில் கூழாகிவிடும். வயிற்று ஆய்வு அட்டவணைகளில் அதன் பெயரே வராது. அட்டவணையை நம்பி அப்படியே நிரப்பினால், குஞ்சு உற்பத்தியில் தின்னப்படும் பங்கு, மென்பொருள் இ.இ. என்று காட்டுவது, 0.05 என்று நிற்கும்.

சமநிலை கிடைத்துவிட்டதே என்று மகிழ்ந்து இங்கே நிறுத்துபவர்கள் பலர். ஆனால் 21.9இல் 20.8 'காரணம் தெரியாத சாவு' என்று ஆகிவிட்டது. ஈக்கோசிம் அதைப் பெரும்பாலும் நிலையான எண்ணாகவே வைத்துக்கொள்ளும். பிறகு நெத்திலியை இரட்டிப்பாக்கினாலும் பாதியாக்கினாலும் குஞ்சின் பிழைப்பு அசையாது. கேட்க வந்த கேள்விக்கு மாதிரி வாயையே பூட்டிக்கொண்டுவிட்டது.

ஆகவே சிறு மீன்கள், அம்புப்புழு, ஜெல்லிமீன் ஆகியவற்றின் உணவில் குஞ்சுக்குச் சிறு பங்கு கொடுத்து, இ.இ.யை 0.7க்கும் 0.9க்கும் இடையே கொண்டுவர வேண்டும். எவ்வளவு சிறு பங்கு? மேற்கண்ட எண்களில் குஞ்சின் மொத்த எடை முதிர்ந்ததில் (0.5 டன்) ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக, 0.17 டன் வரும். அதை 21.9ஆல் பெருக்கினால் உற்பத்தி ஆண்டுக்கு 3.7 டன். நெத்திலியும் மத்தியும் சேர்ந்து 20 டன், உணவு விகிதம் 10 என்றால் அவை ஆண்டுக்கு 200 டன் தின்கின்றன. அதில் 1.5 சதவீதம் குஞ்சு என்றால் 3 டன், இ.இ. 0.81. 3 சதவீதம் என்று போட்டால் 1.6 ஆகி, கடலில் இல்லாத குஞ்சை மீன் தின்றதாகிவிடும். ஒன்றரைக்கும் மூன்றுக்கும் நடுவே மாதிரி உடைகிறது. அதனால் நெத்திலியின் பங்கை 0.5 சதவீதப் படிகளில் உயர்த்தி, ஒவ்வொரு முறையும் இ.இ.யைப் பாருங்கள். வளைகோடு குஞ்சின் எடையைக் கூட்டியே காட்டுகிறது என்பதும் நினைவிருக்கட்டும். உண்மையான தாங்குதிறன் இதைவிடக் குறைவு.

ஈக்கோசிம்மில் ஓட்டுதல்

முதல் ஓட்டம் எந்தத் தூண்டலும், அதாவது வெளியிலிருந்து கொடுக்கும் எந்த மாற்றமும், இல்லாமல் 20 ஆண்டு. எல்லாக் கோடுகளும் தட்டையாக நிற்க வேண்டும். கணவாய் மட்டும் முதல் ஆண்டிலேயே நழுவினால் பருவ எண்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. இறப்புப் பங்கீட்டுக்குத் திரும்புங்கள்.

இரை குறைந்தால் குஞ்சு சாக வேண்டும் என்பது ஈக்கோசிம்மில் நேராக நடப்பதில்லை. இரை குறையும்போது அதிக நேரம் மேய வேண்டும். அதிக நேரம் மேய்ந்தால் பகைவன் கண்ணில் படும். அந்த வழியாகவே இறப்பு ஏறும். இது நடக்க மேயும் நேரத்தைச் சரிசெய்யும் வீதம் குஞ்சுக்கும் இளங்கணவாய்க்கும் 0.5, மற்றக் குழுக்களுக்கு 0 என்று இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் 0 என்று விட்டால், பட்டினி கிடக்கும் குஞ்சு மெலியுமே தவிர எண்ணிக்கையில் குறையாது.

வல்னரபிலிட்டி என்பது இரை எந்த அளவு பகைவனுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது என்பதற்கான எண். எல்லாம் 2இல் தொடங்கும். 1ஐ நெருங்கினால் கீழிருந்து வரும் உணவே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். பெரிய எண் என்றால் பகைவன் கை ஓங்கும். குஞ்சு, கோப்பிபாட் உறவை 1.2, 2, 10 என்று மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, முடிவு எதில் மாறுகிறது என்று குறித்துவையுங்கள். கணினி தானாகத் தேடித் தரும் பொருத்தத்தை நம்பி எல்லா உறவுகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால், எந்தக் கடலையும் எந்த எண்ணுக்கும் பொருத்திவிடலாம்.

தூண்டலாக, கீழ்நீர் மேலெழும் வேகத்தின் மாதாந்தரக் குறியீட்டைத் தாவர மிதவையின் உற்பத்திக்குக் கொடுக்கலாம். கலிபோர்னியாக் கரைக்கு பேகன் குறியீடு கிடைக்கிறது. ஆண்டுச் சராசரியைக் கொடுப்பது வீண் வேலை. மான்டரே விரிகுடாவில் முட்டையிடுவது பெரும்பாலும் கோடையில். தெற்குக் கலிபோர்னியாவில் குளிர்காலத்தில். சராசரி இரண்டையும் கலந்து கூழாக்கிவிடும். முடிந்தால் வடக்கு, தெற்கு என இரண்டு கணவாய்க் குழுக்கள் வையுங்கள்.

நீரோட்டத்தைச் சேர்க்க விரும்பினால்

ஈக்கோசிம்முக்கு இடம் தெரியாது. குஞ்சு ஆழ்கடலுக்கு அடித்துச்செல்லப்படுவது அதில் வராது. அதற்குத் துகள் மாதிரி வேண்டும். ராம்ஸ் போன்ற கடலோட்ட மாதிரியின் வெளியீட்டை எடுத்து, இக்தியாப் என்ற இலவச மென்பொருளில் குஞ்சுகளைத் துகள்களாக விடலாம்.

துகள்களை முட்டைத் தரைகளின் மேல், அடிநீரில் விடுங்கள், மேற்பரப்பில் வேண்டாம். தெற்குக் கலிபோர்னியாவில் குஞ்சுகள் இரவில் 15 மீட்டரிலும் பகலில் 30 மீட்டரிலும் காணப்பட்டிருக்கின்றன. இந்த ஏற்ற இறக்கத்தைப் போடாமல் ஓட்டினால் மேல்நீர் அவற்றைக் கரையை விட்டு வாரிக்கொண்டு போய்விடும். போட்டால் எதிரெதிர் ஓட்டங்களில் மாறி மாறிப் பயணித்துக் கரையோரமே தங்கும். முடிவை இவ்வளவு புரட்டிப்போடும் வேறு எண் இந்தப் பகுதியில் கிடையாது.

வலைக்கட்டம் 3 கிலோமீட்டர், ஓட்டம் நொடிக்கு 0.5 மீட்டர் என்றால் ஒரு கட்டத்தைக் கடக்க 6,000 நொடி; காலப்படி 1,200 நொடி வைத்தால் துகள் கட்டம் தாவாது. துகள்களில் 5 சதவீதம் கரையோரம் தங்கும் மாதிரி ஓட்டத்தில் 1,000 துகள் விட்டால் முடிவில் 0.7 புள்ளி தற்செயல் பிழை இருக்கும். 10,000 விட்டால் 0.2. ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு புள்ளிதான் என்றால், ஆயிரம் துகள் போதாது.

பட்டினியையும் இங்கேயே வைக்கலாம். குஞ்சு பொரியும்போது மஞ்சள் கரு மிச்சத்தோடு வருகிறது. கோப்பிபாட்டைப் பிடிக்கப் பழகுவது அது தீர்வதற்குள் தொடங்க வேண்டும். 16 பாகை செல்சியஸில் கரு 4 நாள் தாங்கும் என்று வைத்து, ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் கரு தீரும் வேகம் இரட்டிக்கும் என்று கொண்டால், 12 பாகையில் 5.3 நாள் தாங்கும்.

இப்போது இரண்டையும் இணைப்பது. துகள் மாதிரி தரும் மாதவாரிப் பிழைப்பு விகிதத்தை அதன் நீண்டகாலச் சராசரியால் வகுத்து, சராசரி 1 வரும்படி செய்து, ஈக்கோசிம்மில் முட்டை உற்பத்திக்கான தூண்டலாகக் கொடுங்கள். துகள் மாதிரியில் பகைவர் தின்பதைச் சேர்க்காதீர்கள். அது ஈக்கோசிம்மின் 21.9க்குள் ஏற்கெனவே இருக்கிறது. அடித்துச்செல்லப்படுவதும் பட்டினியும் இங்கே, தின்னப்படுவது அங்கே என்று எல்லை போட்டுக்கொள்ளாவிட்டால் ஒரே குஞ்சு இரண்டு முறை சாகும். எல்லை போட்ட பிறகு, இங்கே கணக்கிட்ட இறப்பின் சராசரி அளவை 21.9லிருந்து கழிக்கவும் வேண்டும். பெரும்பாலும் விடுபடும் படி இதுதான்.

எதோடு ஒப்பிடுவது

பிடிப்பு எண்ணோடு ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். விளக்குப் படகுகள் முட்டையிடக் கூடிய கூட்டத்தையே குறிவைக்கின்றன. மொத்தக் கூட்டம் சுருங்கினாலும் கூடிய இடத்தில் வலை நிறையும். கலிபோர்னியாவில் வார இறுதி மூடலும், 1,18,000 குறுடன் (அமெரிக்க டன்) என்ற பருவ உச்சவரம்பும் உண்டு. இவையும் சந்தை விலையும் சேர்ந்து பிடிப்பைக் கணவாயின் எண்ணிக்கையிலிருந்து விலக்கிவிடும். கலிபோர்னியாக் கடலில் 1949இல் தொடங்கிய கால்கோஃபி என்ற கூட்டு ஆய்வுப் பயணங்களின் மிதவை வலைகளில் கிடைத்த குஞ்சு எண்ணிக்கை, 1983 முதல் நடக்கும் இளம் ராக்ஃபிஷ் இழுவலை ஆய்வில் சிக்கிய கணவாய், கடற்சிங்கத்தின் எச்சத்தில் கிடைக்கும் கணவாய் அலகு ஆகியவை மேலான சாட்சிகள். மூன்றும் மூன்று பருவத்தைக் காட்டுபவை. எதை எந்தப் பருவக் கோட்டோடு ஒப்பிடுகிறீர்கள் என்று கவனமாக இருங்கள். 1997-98 எல் நினோவை மட்டும் மாதிரிக்குக் காட்டிப் பொருத்திவிட்டு, 2015-16ஐ மறைத்துவைத்து, அதைத் தானாகச் சொல்கிறதா என்று சோதியுங்கள்.

தமிழகக் கிழக்குக் கரையின் ஊசிக்கணவாய்க்கு இதே முறையைப் போடுகிறவர்கள் இறப்புப் பங்கீட்டையும் வளைகோட்டுத் திருத்தத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்; வயது, எடை, முட்டை எண்ணிக்கை மட்டும் அந்த இனத்துக்குரியவையாக இருக்க வேண்டும். மீன்பிடி முயற்சியை மட்டும் மாதவாரியாகக் கொடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை இருக்கிறது. எட்டு மாத உயிருக்கு அது வாழ்நாளில் கால்பங்கு. ஆண்டு முழுக்க ஒரே முயற்சி என்று போட்டால் அந்தக் கால்பங்கு மாதிரியில் எங்குமே தெரியாது.